கடைமடையிலிருந்து ஓர் உலகப் படம்



எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஆறு வரையக் கற்றுக்கொடுத்த முறையை அவரிடம் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் ஆற்றை மலையில் தொடங்கிக் கடலுக்கு இறக்குவார்கள். ஐயா அதற்கு இடம் கொடுக்க மாட்டார். சாக்கட்டியை முகத்துவாரத்தில் வைக்கச் சொல்வார். அங்கிருந்து மேலே ஏறு என்பார். ஒவ்வொரு கிளையாறு பிரியும் இடத்திலும் கையை நிறுத்தச் சொல்லி, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இங்கே யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்பார். அவர் காவிரிக் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர். மேட்டூரில் திறந்துவிட்ட நீர் தம் ஊர் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் வரும், வருமா வராதா என்று வரப்பில் நின்று காத்திருந்த பிள்ளை. ஆறு முழுவதும் யாருக்குத் தெரியும் என்றால், கடைசியில் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய அனுபவம். தலைமடைக்காரனுக்கு அவன் மதகு தெரிந்தால் போதும்.

அவர் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு உலக வட்டாரப் புவியியலை எப்படிக் கற்பது என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். மனிதரும் சூழலும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்ற கேள்வி அதற்குள் அடக்கம். பெரிய தலைப்பு. ஆனால் நான் இரண்டே கடல்களைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். இரண்டும் இருபதாம் நூற்றாண்டில் மனிதர் முடிவெடுத்து இல்லாமல் ஆக்கிய கடல்கள்.

பட்டியலும் கேள்வியும்

அதற்கு முன் நம் வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம். மித வெப்பமண்டலப் புல்வெளிகள் யாவை என்று கேட்டால் இங்குள்ள எல்லோரும் தூக்கத்தில்கூடச் சொல்வோம்: பிரெய்ரி, ஸ்டெப்பி, பாம்பாஸ், வெல்ட், டௌன்ஸ். ஐந்து மதிப்பெண். கண்டம் கண்டமாக அமைவிடம், நிலத்தோற்றம், காலநிலை, இயற்கைத் தாவரம், கனிமம், மக்கள் என்று அதே வரிசையில் படித்தோம். அதே வரிசையில் எழுதினோம். அதே வரிசையில் மறந்தோம். மனப்பாடம் தப்பில்லை. பெயர் தெரியாமல் எதையும் யோசிக்க முடியாது. ஆனால் பெயர்ப் பட்டியலோடு பாடம் நின்றுவிட்டால், அந்த ஐந்து பெயர்களையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது.

ஐயா வேறு மாதிரிக் கேட்பார். அந்தப் புல்லை உழுதால் என்ன ஆகும் என்பார்.

கேட்டுப் பாருங்கள், பட்டியலுக்கு உயிர் வந்துவிடும். அமெரிக்காவின் தென் சமவெளியில் புல்லைப் புரட்டிக் கோதுமை போட்டார்கள். மழை இருந்தவரை விளைந்தது. 1930களில் வறட்சி வந்ததும், வேரால் பிடித்து வைக்கப்பட்டிருந்த மண் எழுந்து நடந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதியில் பகல் இருண்டது. 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஆண்டே ஹ்யூ பென்னட் தலைமையில் மண்வளப் பாதுகாப்புக்கென்று அங்கே ஓர் அரசுத் துறை பிறந்தது. இருபது ஆண்டுகூட ஆகவில்லை, 1954இல் சோவியத் அரசு வடக்குக் கஸகஸ்தானின் ஸ்டெப்பியை உழத் தொடங்கியது. கன்னி நிலத் திட்டம் என்று பெயர். முதல் சில ஆண்டுகள் நல்ல விளைச்சல். 1960களின் தொடக்கத்தில் அங்கும் மண் பறந்தது. அப்போது அலெக்ஸாந்தர் பராயெவ் என்ற வேளாண் அறிஞர், கனடாவின் பிரெய்ரியில் தாம் நேரில் கண்டுவந்த முறையை வற்புறுத்தினார். மண்ணைப் புரட்டாதே, அறுவடைத் தாளை நிலத்திலேயே விடு, அது காற்றைத் தடுக்கும் என்றார். ஸ்டெப்பிக்கு மருந்து பிரெய்ரியிலிருந்து வந்தது. ஐந்து பெயர்களையும் சேர்த்துப் படிப்பதன் பயன் இதுதான். அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றுக்கு வந்த நோய் இன்னொன்றுக்கும் வரும்.

குடும்பம் வேறாக இருந்தால்? ஒரே செயலை, தன்மை வேறுபட்ட இரண்டு வட்டாரங்களில் செய்தால் என்ன ஆகும்? இதைத்தான் இன்று பேச வந்தேன்.

ஆரல்

நான் பள்ளியில் படித்த காலத்து நிலப்படத்தில், காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே உள்ளங்கை போல ஒரு நீலம் இருக்கும். ஆரல் கடல். 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கி.மீ. உலகின் உள்நாட்டு நீர்நிலைகளில் நான்காவது பெரியது. துருக்கிய மொழிகளில் ஆரல் என்றால் தீவு. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் அதில் இருந்தன. அதன் முதல் ஒழுங்கான அளவைப் படத்தை 1848, 1849 ஆண்டுகளில் ருஷ்யக் கடற்படை அதிகாரி அலெக்ஸெய் புத்தாகோவ் எடுத்தார். கப்பலைத் துண்டு துண்டாக வண்டியில் ஏற்றிப் புல்வெளியைக் கடந்து கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அந்தக் கப்பலில் ஓவியராகப் போனவர், ஜார் அரசால் நாடுகடத்தப்பட்டிருந்த உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ. ஒரு கடலின் கரையை ஒரு கவிஞன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான் என்பது எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்கும் செய்தி. அவன் வரைந்த கரைகளுக்கு முன்னால் இன்று நீர் இல்லை.

இந்தக் கடலுக்கு இரண்டு ஆறுகள். பாமீர் மலைகளிலிருந்து ஆமு தாரியா. தியான் ஷான் மலைகளிலிருந்து சிர் தாரியா. கிரேக்கர்கள் ஆக்ஸஸ், ஜாக்ஸார்ட்டஸ் என்று எழுதிய அதே ஆறுகள். பனி உருகி வரும் நீர். கீழே இரண்டு பெரிய பாலைவனங்கள், காரகும், கைஸில்கும். அங்கே ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். ஆனால் வெயிலும் காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழ நீரைக் கடலிலிருந்து குடித்துவிடும். ஆறுகள் ஆண்டுதோறும் 50 கன கி.மீ.க்கு மேல் கொண்டுவந்து கொட்டியதால் கணக்குச் சரியாக இருந்தது. வரவும் செலவும் நேராக நின்ற ஒரு குடும்பம் போல.

ஆரல், இரண்டு ஆறுகளுக்கும் கடைமடை. அதை மறந்துவிட்டால் மீதிக் கதை விளங்காது.

அந்த ஆற்றங்கரைகளில் பாசனம் புதிதல்ல. கொரேஸம் நாட்டின் வாய்க்கால்கள் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. கடலும் முன்பு ஏறி இறங்கியிருக்கிறது. வற்றிய கடல் தரையில் அண்மைக் காலத்தில் கெர்தெரி என்ற இடத்தில் நடுக்காலத்துக் கல்லறை மாடம் ஒன்று வெளிப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் மனிதர் குடியிருந்திருக்கிறார்கள் என்றால், நீர் அப்போதும் விலகியிருந்திருக்க வேண்டும். ஆகவே பாசனம் செய்தாலே கடல் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. 1960 வரை அந்தப் படுகையில் ஏறத்தாழ 45 லட்சம் ஹெக்டேர் பாசனம் பெற்றது, கடல் அசையவில்லை. ஏன்? வயலில் பாய்ந்த நீரில் ஒரு பங்கு வடிகால் வழியாக மறுபடி ஆற்றுக்கு வந்தது. நம் டெல்டாவில் ஒருவர் வயலின் வடிகால் அடுத்தவருக்குப் பாசன வாய்க்காலாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தது வேறு. 1954இல் காரகும் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். 1,300 கி.மீ.க்கு மேல் நீண்டு, ஆமு தாரியாவின் நீரைப் பாலைவனத்தின் குறுக்கே அஷ்காபாத்தையும் தாண்டிக் கொண்டுபோனது. மணலில் வெட்டிய மண் கால்வாய். அங்கே போன நீர் போனதுதான். கசிந்தது, ஆவியானது, பள்ளங்களில் தேங்கியது, ஆற்றுக்குத் திரும்பவில்லை. பருத்தியை 'வெள்ளைத் தங்கம்' என்றார்கள். பாசனப் பரப்பு 70 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. பாலை மண்ணில் நீர் பாய்ச்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். நம் ஊரில் உவர் பூப்பது என்போம். அந்த உப்பைக் கழுவ விதைப்புக்கு முன் வயலை வெள்ளத்தில் ஆழ்த்த வேண்டும். கழுவிய நீர் உப்போடும் பூச்சிமருந்தோடும் ஆற்றில் இறங்கும். அதை அடுத்த ஊர் எடுத்துத் தன் வயலைக் கழுவும். கடைமடைக்குப் போகப் போக நீர் குறையும், உப்பு கூடும்.

கடல் சுருங்கும் என்று திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மறைக்கவில்லை, கணக்குப் போட்டே செய்தார்கள். மீனைவிடப் பருத்திக்கு விலை அதிகம் என்பது அந்தக் கணக்கு. வற்றிய தரையில் உப்பு கெட்டியாக ஓடு கட்டிக்கொள்ளும், பறக்காது என்றுகூட அவர்களில் சில அறிஞர்கள் எதிர்பார்த்தார்கள். 1975இல் சோவியத் விண்வெளி வீரர்கள் மேலிருந்து பார்த்தபோது அந்த உப்புப் புழுதி நீள நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. பயிர்மேல் விழுந்தது. மூச்சில் போனது. ஆமு தாரியாவின் கழிமுகம் இருக்கும் கரகல்பாக்ஸ்தானில் இரத்தச்சோகையும் மூச்சுநோயும் பெருகின, குழந்தைகள் இறந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. கடல் என்பது வெப்பத்தைச் சமன்செய்யும் ஒரு பெரிய பானை. அது போனதும் கரையோரத்தில் கோடை கூடியது, குளிர் கடுமையானது, உறைபனி இல்லாத நாள்கள் குறைந்தன. எந்தப் பருத்திக்காகக் கடலைக் கொடுத்தார்களோ, கழிமுகத்தில் அந்தப் பருத்திக்கே பருவம் போதவில்லை.

மொய்னாக் என்ற ஊரைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. உஸ்பெகிஸ்தான் பக்கத்து மீன்பிடி ஊர். 1950களின் இறுதியில் ஆரல் கடலில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடித்தார்கள். மொய்னாக்கில் அதை டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலை இருந்தது. நீர் விலகத் தொடங்கியதும் ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? கடலைத் துரத்திக் கால்வாய் வெட்டினார்கள். படகு போக வழி வேண்டுமே. இவர்கள் வெட்ட வெட்ட நீர் விலகிக்கொண்டே போனது. 1960இல் லிட்டருக்கு 10 கிராம் இருந்த உப்பு ஏறிக்கொண்டே போனதும் உள்நாட்டு மீன்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் நின்றது. ஆலையை மூடினால் ஊர் பட்டினி. ஆகவே பசிபிக்கிலிருந்தும் பால்டிக்கிலிருந்தும் உறையவைத்த மீனை ரயிலில் கொண்டுவந்து, கடல் இல்லாத அந்த ஊரில் டப்பாவில் அடைத்தார்கள். சில காலம் அப்படி ஓடியது. சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அதுவும் போயிற்று. இன்று கடல் மொய்னாக்கிலிருந்து 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. மணலில் நிற்கும் துருப்பிடித்த படகுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் இயல்பு கெட்டால் எடுக்கும் வடிவம் அது என்கிறது. நிலம் நிலையானதல்ல, அது இன்னொன்றாக மாறக்கூடியது என்ற அந்த அறிவை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். நெய்தல் பாலையாகும் என்று நம் முன்னோர் எழுதிவைக்கவில்லை. அதற்கு மழை பொய்த்தால் போதாது. மனிதர் முனைந்து செய்ய வேண்டும். ஆரலின் வற்றிய தரைக்கு இன்று ஆரல்கும் என்று பெயர். காரகும், கைஸில்கும் வரிசையில் மூன்றாவது. உலகப் படத்தில் மிக இளைய பாலைவனங்களில் ஒன்று.

தலைகீழாகக் கேட்ட கேள்வி

இந்த வட்டாரத்துக்குப் புவியியல் வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1903இல் ஓர் ஆய்வுக் குழுவோடு துருக்கிஸ்தானுக்குப் போனார். பாழடைந்த ஊர்களையும் வற்றிய வாய்க்கால்களையும் கண்டார். 1907இல் அவர் வெளியிட்ட நூல், மத்திய ஆசியா காலம் காலமாக உலர்ந்தும் நனைந்தும் வருவதே அங்கே மக்கள் பெயர்வதற்கும் அரசுகள் எழுந்து விழுவதற்கும் காரணம் என்று வாதிட்டது. சூழல் மனிதனை ஆக்குகிறது என்ற கொள்கையின் பெரிய குரல்களில் அவர் ஒருவர். அந்தக் கொள்கை பிறகு போன வழி நல்லதல்ல. வெப்ப நாட்டார் சோம்பேறிகள் என்றும், ஆளப்பட வேண்டியவர்கள் என்றும் சொல்ல அது ஏணியாயிற்று. நம்மையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்.

பிரான்சில் விதால் த லா பிளாஷ் அதற்கு மறுமொழி சொன்னார். இயற்கை வாய்ப்புகளைக் கொடுக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்பதை மனிதக் கூட்டம் தன் பழக்கத்தால், கருவியால், அமைப்பால் தீர்மானிக்கிறது என்றார். நாங்கள் கல்லூரியில் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தித் தேர்வு எழுதினோம். அப்போது ஒன்றை யாரும் கேட்கவில்லை. ஹண்டிங்டன் காலநிலை உலர்த்தியது என்று எழுதிய அதே மண்ணில், ஒரு நூற்றாண்டுக்குள் மனிதர் ஒரு கடலையே உலர்த்தி, அதன் வழியாக ஊரின் காலநிலையையும் மாற்றினார்களே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? என் கருத்தில் அந்த இரண்டு பக்கமும் போதாது. சூழலை மனிதன் மாற்றுகிறான். மாறிய சூழல் திரும்பி வந்து முதலில் கடைமடைக்காரனைத் தொடுகிறது. முடிவெடுத்தவன் பெரும்பாலும் தலைமடையில், சில வேளை ஆற்றுப்படுகையிலேயே இல்லாத ஒரு தலைநகரத்தில் இருக்கிறான்.

வடக்கே இன்னொரு கடல்

இப்போது நெதர்லாந்துக்குப் போவோம். நாட்டின் நடுவில், வடகடல் உள்ளே நுழைந்த ஒரு பெரிய வளைகுடா இருந்தது. ஸைடர்ஸே, அதாவது தென்கடல். அதன் கரைகளில் மீனவர் ஊர்கள் நிறைய. நடுவில் ஊர்க் என்ற சின்னத் தீவு. மீன்பிடிப்பைத் தவிர அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. 1916 ஜனவரியில் புயல் வெள்ளம் கரைகளை உடைத்தது. அமைச்சராக இருந்த பொறியாளர் கொர்னெலிஸ் லேலி பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த திட்டம் 1918இல் சட்டமாயிற்று. 1932 மே 28ஆம் நாள், 32 கி.மீ. நீள அணைக்கரையின் கடைசி இடைவெளியை அடைத்தார்கள். தென்கடல் கடல் அல்லாமல் ஆனது. ரைன் ஆற்றின் கிளையான ஐசல் கொண்டுவந்த நீர் சில ஆண்டுகளில் அதை நன்னீர் ஏரியாக்கியது. அதற்குள் கரை கட்டி, நீரை இறைத்து, பெரிய பெரிய நிலங்களை எழுப்பினார்கள். 1986இல் அந்த நிலத்தில் ஃப்ளேவோலாந்து என்று ஒரு புதிய மாகாணமே அமைந்தது. அங்கே நடப்பவர் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே நடக்கிறார்.

மொய்னாக்குக்கும் ஊர்க்குக்கும் நடந்தது ஒன்றுதான். அரசு முடிவெடுத்தது, மீனவன் வாசலில் இருந்த கடல் போனது. விளைவு ஏன் வேறானது?

முதல் காரணம் வானத்தில் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை, ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. ஆவியாவது அதைவிடக் குறைவு. 1930இல் அடைப்பு முடியும் முன்பே வற்றவைத்த வீரிங்கர்மீர் நிலம் உப்போடுதான் எழுந்தது. மழை உப்பைக் கீழே கழுவியது. வடிகால் அதை வெளியே கொண்டுபோனது. சில ஆண்டுகளில் பயிர் வந்தது. அங்கே மழை கீழே தள்ளுகிறது. ஆரலில் வெயில் மேலே இழுக்கிறது. உப்பு எந்தத் திசையில் நடக்கிறது என்ற ஒரே கேள்வியில் இரண்டு வட்டாரமும் பிரிந்துவிடுகின்றன. இவ்வளவு சின்ன விஷயமா என்றால், ஆமாம். காலநிலைப் பாடத்தில் வரும் மழை, ஆவியாதல் என்ற அந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்காதவன் கையில் ஒரு கடலைக் கொடுக்கக் கூடாது.

கிழக்கு ஃப்ளேவோலாந்தின் சேற்றுத் தரையில் விமானத்திலிருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் நீரை உறிஞ்சி மண்ணை உலர்த்தும், களையை அடக்கும். மனிதர் நடக்க முடியாத சேற்றில் நாணலை வேலைக்கு அனுப்பினார்கள். சூழலோடு வேலை செய்வது என்பதற்கு இதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

இரண்டாவது காரணம் மனிதர் ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு. அந்த நாட்டில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து நீர் வாரியங்கள் உண்டு. கரையையும் வாய்க்காலையும் பராமரிக்க நிலமுள்ளவர்கள் கூடி வரி போட்டுக்கொண்டு நடத்தியவை. மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவனோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது, ஏனென்றால் கரை உடைந்தால் இருவருமே போவார்கள். அந்தப் பழக்கத்தில்தான், அடைப்பு முடிவதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1925இல், தொழிலிழக்கப் போகும் மீனவர்களுக்கு உதவ ஒரு சட்டம் வந்தது. அந்த உதவி போதவில்லை என்று மீனவர்கள் வருந்தியது உண்மை. எத்தனையோ குடும்பம் வலையை விட்டது. ஆனால் அணைக்கரையில் படகு போகும் மதகுகள் வைத்திருந்தார்கள். ஊர்க் மக்கள் அதன் வழியாக வடகடலுக்குப் போனார்கள். தீவு 1939இல் கரையோடு இணைந்து, பிறகு வயல்களின் ஓரத்தில் நிற்கும் ஊராகியும், ஊர்க் இன்றுவரை நாட்டின் முக்கியமான மீன்பிடி ஊர்களில் ஒன்று.

மொய்னாக்குக்கு அப்படி ஒரு மதகு இல்லை. அதற்கப்பால் வேறு கடலும் இல்லை. அது நிலத்தின் குற்றம் அல்ல. அங்கே வேறு கடல் இல்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

நெதர்லாந்தை நான் புகழ்ந்துவிட்டு நகர விரும்பவில்லை. 1953 பிப்ரவரியில் தென்மேற்கில் கரை உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். கரையை உயர்த்திக்கொண்டே போவது முடிவில்லாதது என்று கண்டு, இந்த நூற்றாண்டில் சில இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆறு நாடுகளானபோது

மறுபடி மத்திய ஆசியா. 1991க்குப் பிறகு நடந்ததையும் வகுப்பறையில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்டாரம் என்பது மலையும் மழையும் மட்டுமல்ல. சிர் தாரியாவின் தலைப்பகுதியான நாரின் ஆற்றில் டோக்டோகுல் என்ற பெரிய அணை, 19.5 கன கி.மீ. கொள்ளளவு. அது இருப்பது கிர்கிஸ்தானில். சோவியத் காலத்தில் குளிர்காலம் முழுவதும் நீரைத் தேக்கி, கோடையில் கீழேயுள்ள பருத்திக்குத் திறந்தார்கள். பதிலுக்கு, குளிர்காலத்தில் மலையூர்கள் உறையாமல் இருக்க, கீழேயிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் மேலே போயின. நாடுகள் பிரிந்ததும் எரிவாயுவுக்குச் சந்தை விலை கேட்டார்கள். கிர்கிஸ்தானிடம் பணம் இல்லை, நீர் இருந்தது. குளிர்காலத்தில் மதகைத் திறந்து மின்சாரம் எடுத்தது. கோடையில் கீழே நீர் இல்லை. குளிர்காலத்தில் வந்த நீரோ, உறைந்த ஆற்றுப்படுகையில் போக வழியில்லாமல் பக்கத்துப் பள்ளங்களில் பாய்ந்து வீணாயிற்று. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று குறுவைக்காகக் காத்திருந்தவர்களுக்கு, நீர் வருவதும் பருவத்தில் வருவதும் வேறு வேறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிர்கிஸ்தானின் தாய் தன் பிள்ளைக்கு வீட்டைச் சூடாக்கினாள். உஸ்பெக் விவசாயி தன் பயிருக்கு நீர் கேட்டான். இருவரில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 1987இல் ஆரல் இரண்டாகப் பிரிந்திருந்தது. வடக்குப் பகுதி சிறியது, சிர் தாரியா அதற்கு மட்டும் ஊற்றியது. ஆனால் அந்த நீர் தெற்கே வழிந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. 2005இல் உலக வங்கியின் உதவியோடு கஸகஸ்தான், கோக்கரால் என்ற இடத்தில் ஏறத்தாழ 13 கி.மீ. நீள அணைக்கரை கட்டியது. நிரம்பப் பல ஆண்டு ஆகும் என்று எண்ணினார்கள். ஒரு வருடத்துக்குள் நிரம்பியது. உப்பு குறைந்தது. அதுவரை மீனவர்களுக்கு உப்பு தாங்கும் தட்டைமீன் ஒன்றே மிச்சம், அதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. ஆற்று முகத்தில் ஒதுங்கிப் பிழைத்திருந்த கெண்டை இனங்கள் கடலுக்குத் திரும்பின. மீனவர்களும் திரும்பினார்கள். இன்று ஆண்டுக்குச் சில ஆயிரம் டன் மீன் கிடைக்கிறது. பழைய கடலில் இது சிறு துண்டுதான். தெற்கின் கிழக்குப் பகுதி 2014 கோடையில் முழுவதும் வற்றியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட வேண்டியிருந்தது. உஸ்பெகிஸ்தான் பக்கத்தில் இப்போது கடல் தரையில் சக்சால் செடி நடுகிறார்கள். ஆழமாக வேரோடி மணலைப் பிடிக்கும் பாலைச் செடி. கடல் வராது என்று ஒப்புக்கொண்ட பின் செய்யும் வேலை அது.

கடலில் கலக்கும் நீர்

நம் ஊருக்கு வருகிறேன், ஒரே ஒரு சொல்லுக்காக. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் ஒவ்வோர் ஆண்டும் 'தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்று செய்தி வரும். அதைச் சொல்பவர்களின் வேதனை எனக்குத் தெரியும். கோடையில் குடத்தோடு நிற்பவர்களின் வேதனை அது. தேக்க வேண்டியதைத் தேக்கத்தான் வேண்டும். ஆனால் ஆரலுக்கு நடந்தது அந்த 'வீண்' என்ற சொல்லிலிருந்துதான் தொடங்கியது. ஜார் காலத்திலேயே அலெக்ஸாந்தர் வொயெய்கோவ் போன்ற பெரிய காலநிலை அறிஞர், கடலில் போய் ஆவியாவதைவிட அந்த நீர் வயலுக்குப் போவதே அறிவு என்று வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைச் சொல்லோடு விடவில்லை. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலையாத்திக் காடு நிற்பது, கடல் உப்போடு ஆற்று நீர் போய்க் கலப்பதால். இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் அங்கே வளர்வதும் அதனால்தான். கடலில் கலக்கும் நீருக்கும் அங்கே வேலை இருக்கிறது. அந்த வேலையைச் சொல்ல நம் மொழியில் ஒரு நல்ல சொல் இல்லாமல் போனது ஏன் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

சாக்கட்டி

கடைசியாக ஒன்று. ஆப்கானிஸ்தானில் 2022இல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். கோஷ் தேபா என்று பெயர், 285 கி.மீ. நீளத் திட்டம், நீர் எடுப்பது ஆமு தாரியாவிலிருந்து. காரகும் கால்வாயைப் போலவே மணல் நாட்டில் மண்ணில் வெட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆற்றுக்கு நீர் தரும் நாடுகளில் ஆப்கானிஸ்தானும் ஒன்று. பல பத்தாண்டுப் போரில் பசித்த மக்கள். மற்ற நாடுகள் பங்கு பிரித்துக்கொண்டபோது அவர்கள் மேசையில் இல்லை. நீர் எடுக்காதே என்று அவர்களிடம் சொல்ல யாருக்கு உரிமை? எடுத்தால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? என் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். விடை எழுதியவர்களைவிட, எழுதாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இந்த உரைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது ஓர் இரவு வீட்டில், பேரப்பிள்ளையின் சின்னக் கரும்பலகையை எடுத்தேன். ஆமு தாரியாவை ஐயா சொன்ன முறையில் வரைந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். முகத்துவாரத்தில் சாக்கட்டியை வைக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஆறு கடலைத் தொடுவதில்லை. கழிமுகத்தின் வயல்களுக்கும் நாணல் குட்டைகளுக்கும் நடுவில் எங்கோ தீர்ந்துபோகிறது. இந்த ஆண்டு எதுவரை வந்ததோ, அடுத்த ஆண்டு அது வேறு இடம். சாக்கட்டியை விரலில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.